புயலுக்கு மாடி வீடு, தரை வீடு என்று கிடையாது

(நமது சங்கத்தின் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் புயலைப் பற்றிப் பேசுங்கள் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வானிலை படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, பல ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கணக்கு, பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றும்தான் எனக்குத் தெரிந்த விஷயங்கள். ஆனால் ஒரு குடியிருப்பு புயலுக்குத் தயாராவதில் பாதிக்கு மேல் இந்த மூன்றுதான் இருக்கிறது. அதனால் துணிந்து பேசுகிறேன்.

முதலில் ஒரு எண்ணத்தைக் கலைக்க வேண்டும். மழை வெள்ளம் என்றால் அது தரைத்தளத்தில் இருப்பவர்களின் கவலை, நாம் நான்காவது மாடியில் இருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறோம். கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். ஈ.பி. பேனல் எங்கே இருக்கிறது? தரைத்தளத்தில். சம்ப்பும் மோட்டாரும்? தரைத்தளத்தில். ஜெனரேட்டர்? அதுவும் அங்கேதான். லிஃப்ட்டின் குழி பேஸ்மென்ட்டில். தரையில் இரண்டடி தண்ணீர் நின்றால் நான்காவது மாடியில் விளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது. எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு ஒரு குடம் தண்ணீருக்காக நான்கு மாடி இறங்கி ஏறுகிறவரை யோசித்துப் பாருங்கள். புயல் நாளில் அவருக்கும் தரைத்தளத்துக்காரருக்கும் ஒரே கஷ்டம்தான்.

ஆகவே ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மெழுகுவர்த்தி வாங்கி வைப்பதால் மட்டும் நாம் தயாராகிவிட மாட்டோம். பொதுவான பொருள்களுக்குப் பொறுப்பானவர் யார் என்று இப்போதே பெயர் எழுதி வைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதி எல்லாம் அதற்கான விவரம்.

காற்றுப் புயல், மழைப் புயல்

அமெரிக்காவில் ஹரிகேன் என்கிறார்கள், ஜப்பான், கொரியா பக்கம் டைஃபூன் என்கிறார்கள், நம் வங்கக்கடலில் அதுவே புயல். பெயர்தான் வேறு. ஆனால் ஒரு புயல் செய்வதை இன்னொரு புயல் செய்வதில்லை. சென்னைக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்.

2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா, காற்றுப் புயல். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் நகரமெங்கும் மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம், மழைப் புயல். அது சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முன் 3, 4 தேதிகளில் நம் கடற்கரையை ஒட்டியே நகர்ந்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியவே நாள்கள் ஆயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது.

ஆகவே "புயல் நம் ஊருக்கு வரவில்லையாம், ஆந்திரா போகிறதாம்" என்று தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். "கரையைக் கடந்துவிட்டது" என்று கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். காற்றுக்கு ஒரு பட்டியல் வேண்டும், மழைக்கு ஒரு பட்டியல் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

நம் மனை ஏறக்குறைய பத்து கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2,230 லிட்டர். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று பொருள். பத்து கிரவுண்டுக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 4,46,000 லிட்டர். நாம் கோடையில் வாங்குகிறோமே, 12,000 லிட்டர் லாரி, அது 37 லாரித் தண்ணீர். தெருவிலிருந்து உள்ளே வருவது தனி.

இந்த 37 லாரித் தண்ணீரும் வெளியேற இருப்பது மழைநீர் வடிகால்தான். அதன் கம்பி வலையில் நான்கு பிளாஸ்டிக் கவரும் கொஞ்சம் வேப்பிலைச் சருகும் அடைத்தால் போதும், தண்ணீர் பேஸ்மென்ட்டுக்குத் திரும்பும். வடிகாலைத் தூர்வாருவதைப் புயல் அறிவித்த பிறகு செய்ய முடியாது. அந்த வாரத்தில் ஆளும் கிடைக்காது, கிடைத்தாலும் மூன்று மடங்கு கூலி. இந்த மாதமே முடிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு குடிதண்ணீர். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் வைத்தால், மூன்று நாளைக்கு நாற்பது லிட்டர். அதாவது இரண்டு கேன். ஒவ்வொரு வீட்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு கேன் பயன்பாட்டில், இரண்டு கேன் இருப்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஆர்.ஓ. இயந்திரம் வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு சாவி, இரண்டு ஆள்

வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் விடுப்பில் போனால், சாவியை யாரிடம் ஒப்படைத்தார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "எப்போதும் அவர்தான் பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சே கிடையாது.

நம் குடியிருப்பில் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? மோட்டார் ரூம் சாவி? ஈ.பி. பேனலில் மெயின் சுவிட்ச் எது என்று வாட்ச்மேனைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஊருக்குப் போயிருந்தால்? இதற்குத்தான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்றுப் பொறுப்பாளர் என்று இரண்டு பெயர் வேண்டும். பதவி இல்லை, பெயர். "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பொருள்.

இப்படிப் பெயர் எழுதி வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் அதே கரையைப் பைலின் தாக்கியபோது, முன்கூட்டியே சுமார் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு இரட்டை இலக்கத்தோடு நின்றது. நல்ல முன்னறிவிப்பு, புயல் பாதுகாப்பு மையங்கள் எல்லாம் காரணம். கூடவே, எந்த ஊரில் யார் யாரை அழைத்துப் போவது என்று முன்பே பிரித்து ஒத்திகை பார்த்து வைத்திருந்ததும் ஒரு காரணம்.

வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிவிப்பு படிப்படியாக வரும். அதற்கு ஏற்ப நம் வேலையையும் பிரித்துக்கொள்வோம்.

மூன்று நாள் முன்பு: டீசல் வாங்குவது. மின்சாரம் இல்லாமலே டீசலில் ஓடும், தண்ணீர் இறைக்கும் பம்ப்பை இயக்கிப் பார்ப்பது. மணல் மூட்டைகளைப் பேஸ்மென்ட் சரிவின் அருகே கொண்டு வருவது. மருந்து, பால் பவுடர், குழந்தைகளுக்குத் தேவையானவற்றை அவரவர் வாங்கி வைப்பது.

இரண்டு நாள் முன்பு: மொட்டை மாடி. சோலார் ஹீட்டர், டிஷ் ஆன்டெனா, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் கட்டுவது. பால்கனிப் பூந்தொட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்ட், குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் வீட்டுக்குள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்றாம் மாடித் துளசி மாடம் கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்தால் அது சாமி குற்றம் இல்லை, நம் குற்றம்.

ஒரு நாள் முன்பு: கார்களையும் இருசக்கர வாகனங்களையும் பேஸ்மென்ட்டிலிருந்து எடுத்து மேடான இடத்தில் நிறுத்துவது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, சிரித்தவர்கள் உண்டு. வாகனத்தைப் பறிகொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சிரிக்கவில்லை. அன்றே மேல்தொட்டிகளை நிரப்பி, சம்ப் மூடியை இறுக்கி மூட வேண்டும்.

சில மணி நேரம் முன்பு: லிஃப்ட்டை மேல் மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டிப்பது. அடியில் நின்றால் குழியில் ஏறும் தண்ணீரில் லிஃப்ட் நனையும். பழுதுச் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

பேஸ்மென்ட்டில் இறங்கக் கூடாது

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2022 செப்டம்பரில் ஹின்னம்னோர் புயல் தென் கொரியாவைத் தாக்கியது. போஹாங் என்ற ஊரில் நம்மைப் போன்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கார்களை எடுத்துவிடுங்கள் என்று அறிவிப்பு வந்ததும், விடியற்காலையில் சிலர் நிலத்தடி பார்க்கிங்குக்கு இறங்கினார்கள். பக்கத்து ஓடை பெருக்கெடுத்துத் தண்ணீர் மளமளவென்று உள்ளே புகுந்தது. ஏழு பேர் வெளியே வரவில்லை. எல்லோரும் காரைக் காப்பாற்றப் போனவர்கள்.

கார் எடுக்கும் அறிவிப்பு ஒரு நாள் முன்பு வந்தால் அது உதவி. தண்ணீர் வரும்போது வந்தால் அதுவே ஆபத்து. எனவே ஒரு விதி வேண்டும். மழை வலுத்த பிறகு பேஸ்மென்ட்டின் கதவைப் பூட்டிவிட வேண்டும். யாருடைய காராக இருந்தாலும் திறக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டால், மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று என்று பொறுப்பாளர் உறுதி சொல்லும் வரை, கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் யாரும் கால் வைக்கக் கூடாது.

"யாரும்" என்றால் வாட்ச்மேனும் சேர்த்துத்தான். நம் எல்லோரையும்விடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவரைப் பார்த்து, "கொஞ்சம் இறங்கி அந்த மோட்டாரைப் போடுப்பா" என்று மேலிருந்து சொல்வது மிகச் சுலபம். நாம் இறங்கத் தயங்கும் தண்ணீரில் அவரை இறங்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

பணியாளர்களைப் பற்றி இன்னொன்று. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும், துப்புரவுப் பணியாளர்களும் தாழ்வான பகுதிகளில் குடியிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும் நாளில் அவர்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருக்கும். அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இரவு தங்கும் வாட்ச்மேனுக்குப் படுக்கையும் சாப்பாடும் முதல் மாடியில் உள்ள சங்க ஹாலில் கொடுக்க வேண்டும். அவர் குடும்பம் வந்து தங்க விரும்பினால் அதற்கும் இடம் தர வேண்டும். அவர் மனம் வீட்டில் இருக்கும்போது நம் கேட்டில் உட்கார்ந்திரு என்று சொல்வது நியாயம் இல்லை.

யார் கதவைத் தட்டுவது?

நம் அறுபது வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் உண்டு. ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், பிரசவ நாள் நெருங்கிய பெண் என்று ஒரு பட்டியல் சங்கத்திடம் இருக்க வேண்டும். உடல்நிலையை ஊரறியச் சொல்வானேன் என்று சிலர் தயங்கலாம். பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும், மூடிய உறையில் இருக்கட்டும். ஆனால் இருக்கட்டும்.

ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்து, மாற்றுச் சிலிண்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புயலுக்கு முந்தைய நாளே முறையை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்சுலினை எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர், காலையும் மாலையும் இந்த வீடுகளின் கதவைத் தட்டி நேரில் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "ஆல் ஓகே?" என்று கேட்டால் போதாது. வர்தாவின்போது சிக்னலே இல்லாமல் தவித்தோம். தகவலுக்கு, கேட் அருகே ஒரு கரும்பலகையும் ஒரு துண்டு சாக்பீஸும் நம்பகமானவை.

பணம், பத்திரம், இன்ஷூரன்ஸ்

என் தொழில் சார்ந்த சில விஷயங்கள். வர்தா வந்தபோது பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே கையில் நோட்டு இல்லை. மின்சாரமும் சிக்னலும் போனதும் ஏ.டி.எம்., கார்டு இயந்திரம் எல்லாம் நின்றன. கணக்கில் பணம் இருந்தும் பால் வாங்கக் கையில் காசு இல்லாமல் வாடிக்கையாளர்கள் கவுன்ட்டரில் வந்து நின்றதைப் பார்த்தவன் நான். இன்று ஜிபே பழக்கத்தில் நம் பர்சில் நூறு ரூபாய்கூட இருப்பதில்லை. ஒரு வாரச் செலவுக்கு ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாக வீட்டில் வைத்திருங்கள்.

வீட்டுப் பத்திரம் வங்கி லாக்கரில் இருக்கிறது, கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு என்றால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. ஆனால் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால், வங்கியின் கவனக்குறைவு இல்லாமல் ஏற்படும் சேதத்துக்கு வங்கி பொறுப்பாகாது. ரிசர்வ் வங்கியின் விதி அது. எனவே லாக்கரில் இருந்தாலும் காகிதங்களைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு வையுங்கள். ஸ்கேன் செய்த பிரதியும் ஒன்று இருக்கட்டும்.

கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், வழக்கமான முழுக் காப்பீட்டில் அந்த இன்ஜின் பழுதுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் விதி ஒன்றுதான். தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் பாரத் கிரிஹ ரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் உங்கள் பாலிசி எந்தத் தேதி வரை என்று இன்றே பாருங்கள். கடன் முடிந்தவுடன் பாலிசியையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சேதம் ஏற்பட்டால் துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள்.

புயல் நாளும் மறுநாளும்

காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். புயலின் கண் நம் மேல் கடந்துகொண்டிருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி வீசும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரம் இரண்டாம் பாதியில்தான் விழும்.

தண்ணீர் வடிந்ததும் சம்ப் தண்ணீரை மேலே ஏற்றிவிடாதீர்கள். கழிவுநீர் கலந்திருக்கும். இறைத்து வெளியேற்றி, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே மோட்டார். அதுவரை மேல்தொட்டியில் இருப்பதுதான் அறுபது வீட்டுக்கும். குளியலுக்கு அல்ல, சமையலுக்கும் கழிவறைக்கும் மட்டும். லிஃப்ட்டையும் பேனலையும் மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகுதான் போட வேண்டும்.

இந்த எண்களைக் கதவின் பின்னால் ஒட்டி வையுங்கள்: சென்னை மாநகராட்சி 1913, மின்சாரப் புகார் 94987 94987, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101.

உங்கள் முன் வைக்கும் நான்கு தீர்மானங்கள்

ஒன்று, பத்து வேலைகளுக்கு இருபது பெயர்கள். மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. போகும் முன் உங்கள் பெயரை எழுதுங்கள். மேல் மாடிக்காரர்கள் முதலில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இரண்டு, வடிகால் தூர்வாரவும் டீசல் பம்ப் வாங்கவும் மெயின்டனன்ஸ் நிதியிலிருந்து பணம். போன ஆண்டும் இது பட்டியலில் இருந்தது, பெயின்ட்டிங் முதலில் ஆகட்டும் என்று தள்ளிவைத்தோம். இந்த முறை தள்ள வேண்டாம்.

மூன்று, மழை வலுத்த பின் பேஸ்மென்ட் பூட்டு. விதிவிலக்கு யாருக்கும் கிடையாது.

நான்கு, புயல் நாள்களுக்குப் பணியாளர் சம்பளம் பிடிப்பதில்லை.

இந்த ஆண்டு புயல் நம் பக்கம் வராமலே போகலாம். அப்போதும் தூர்வாரிய வடிகால் சாதாரண மழைக்கு உதவும். கதவைத் தட்டிப் பழகிய அண்டை வீட்டார் எல்லா நாளுக்கும் உதவுவார்கள். இதில் நஷ்டக் கணக்கு என்று எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நோட்டு மேஜையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.